நிழல் எல்லோர்க்கும் பொது!

(உள்ளூராட்சியும் பொது வெளியும் என்னும் பொருள் பற்றி ஊர் மக்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பொது வெளி. பூங்கா, விளையாட்டிடம், குளக்கரை, மரநிழல் என எந்தப் பெயரால் அழைப்பினும், காசு கொடாமலும் எவர் அனுமதியும் கேளாமலும் ஒருவர் சென்று இருக்கவும் நடக்கவும் விளையாடவும் உரிமையுள்ள பசுமையான இடத்தையே பொது வெளி என்கின்றோம். காணி இழந்த மக்கள் காணி கேட்டு நிற்கும் வேளையில், செய்கைச் செலவு ஏறிக் கமக்காரன் கையைப் பிசையும் வேளையில், பூங்காவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு நாம் கூறும் விடை ஒன்றே: இதுவும் காணிப் பிரச்சினையே. ஓர் ஊரிலே எல்லோருக்கும் சொந்தமான நிலம் எவ்வளவு உண்டு? அதை ஆளுகின்றவர் யார்? அதில் கால் வைக்கக்கூடியவர் யார்? இம் மூன்று கேள்விகளிலும் ஊரின் அரசியல் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது.

இது ஆடம்பரமா?

வசதி படைத்தவனுக்குப் பூங்கா ஆடம்பரமாக இருக்கலாம். அவனுக்கு வளவு உண்டு. வளவிலே மாமரமும் வேம்பும் உண்டு. அவன் பிள்ளை மதிலுக்குள்ளே ஓடி விளையாடும். இருந்த 3 பரப்புக் காணியைப் பிள்ளைகள் மூவருக்குச் சீதனமாகப் பிரித்துக் கொடுத்துவிட்ட குடும்பத்துக்கு அந்த வசதி ஏது? வாடகை அறையில் வாழ்பவனுக்கு ஏது? கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் தோட்டம் என்று பெயர் பெற்ற, ஒரு செடியும் இல்லாத நெருக்கிய குடியிருப்புகளில் வாழும் தொழிலாளிக்கு ஏது? எவனுக்குத் தனக்கென்று நிலமில்லையோ, அவனுக்கே பொது நிலம் முதலில் வேண்டும்.

நீரிழிவு கண்டவனை நோக்கி வைத்தியர், "நாள்தோறும் நடவுங்கள்" என்கின்றார். வளர்ந்தவர்க்கு வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் வேண்டும், பிள்ளைகட்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகின்றது. நல்லது, நடப்போம். ஆனால் எங்கே நடப்பது? பஸ் வண்டியும் லொறியும் உரசிச் செல்லும் நெடுவீதியின் ஓரத்திலா? விளக்கில்லாத ஒழுங்கையிலா? மருந்துச் சீட்டை எழுதிக் கொடுப்பவர் ஒருவர். அம் மருந்து கிடைக்கும் இடத்தை அமைக்க வேண்டியவர் வேறொருவர். அந்த வேறொருவர் நாம் வாக்களித்து அனுப்பிய சபையே.

முன்னோர் வைத்த பொதுமை

பொது வெளி என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை அன்று. நம்முடைய பழைய வீதிகளின் ஓரத்தைப் பாருங்கள். வழிப்போக்கன் இளைப்பாற மடம். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி. குளிக்கவும் நீர் அருந்தவும் கேணி. மாடு உடல் உரோஞ்ச ஆவுரோஞ்சிக் கல். அருகே ஆலோ அரசோ மருதோ ஒன்று. பருத்தித்துறையிலே வீதிக்கு மேலாகக் கூரை அமைத்த தெருமூடி மடம் இன்றும் நிற்கின்றது. மனிதனுக்கு மட்டுமன்றி மாட்டுக்கும் இடம் வைத்த நாகரிகம் அது.

ஆனால் ஒன்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அந்தக் கேணியும் மடமும் கோயில் வீதியும் எல்லோர்க்கும் பொதுவாக இருந்தனவா? இல்லை. நம்முள் ஒரு பகுதியினர் அக் கிணற்றில் நீர் அள்ளவும், அத் திண்ணையில் அமரவும், அக் கோயிலின் உள்ளே செல்லவும் தடுக்கப்பட்டனர். சாதியின் பெயரால் விதிக்கப்பட்ட தடைகளைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலே நிறைவேறியது. சட்டம் வந்து பதினோராண்டின் பின்னும், 1968இல் மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோயில் வாயிலில் நின்று மக்கள் போராட வேண்டியிருந்தது.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் யாது? "பொது" என்று பலகையில் எழுதி வைத்துவிட்டால் ஓரிடம் பொதுவாகிவிடாது. வெளிப்படையான தடை போனபின்பும் வெளிப்படாத தடைகள் பல இருக்கும். நுழைவுக் கட்டணம் ஒரு தடை. பூட்டிய கதவு ஒரு தடை. தொலைவு ஒரு தடை. இருள் ஒரு தடை. "இங்கே உனக்கென்ன வேலை" என்று கேட்கும் பார்வையும் ஒரு தடையே.

கொழும்பும் பிறநாடும் கூறும் பாடம்

கொழும்பிலே காலிமுகத்திடலைக் காணாதார் இலர். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அந் நடைபாதையை 1859இல் முடித்து, கொழும்புப் பெண்கள் பிள்ளைகளின் நலனுக்காக அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லிலே பொறித்து வைத்தார். அவர் மனத்திலிருந்த பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் ஆளும் வகுப்பாராக இருந்திருக்கலாம். ஆயினும் வேலியும் கட்டணமும் இல்லாமையால், இன்று மாலையிலே அங்கே பட்டம் விடும் பிள்ளை எந்த வகுப்பைச் சார்ந்தது என்று கேட்பார் இல்லை. திறந்து கிடந்த ஒன்றே அத் திடலைப் பொதுவாக்கிற்று. ஆனால் நகரின் மிகப் பெரிய பூங்காவாகிய விகாரமகாதேவிப் பூங்கா இருக்கும் இடமோ கறுவாத்தோட்டம். வளவும் மரமும் உள்ளவர்களின் வாயிலிலே பூங்கா. இரண்டும் இல்லாதவர்கள் அதனை அடைய பஸ் ஏற வேண்டும். இஃது ஒரு நகரத்தின் குறை மாத்திரமன்று. உலகெங்கும் இதே கதை.

இக் குறையை முதலில் உரத்துக் கூறியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் ஒக்டேவியா ஹில் அம்மையார். இலண்டனின் ஏழைகள் குடியிருப்பைச் சீர்செய்வதில் வாழ்நாளைக் கழித்த அவர், 1875இல் ஒரு திறந்த வெளியைக் காப்பாற்ற முயன்று தோற்றார். தோல்வியோடு நின்றாரல்லர். வேறு வெளிகளைக் காக்க உழைத்தார். பாவனையற்றுப் போன நகரத்து மயானங்களைக்கூட ஏழைகள் இளைப்பாறும் தோட்டங்களாகத் திறந்துவிட வேண்டுமென வாதாடினார். 1895இல் தேசிய அறநிலையத்தை நிறுவிய மூவருள் அவரும் ஒருவர். தொலைவிலுள்ள பெருங்காட்டைவிட, வேலை முடிந்து களைத்து வந்தவன் நடந்து போகக்கூடிய சிறு தோட்டமே அவனுக்குப் பயன் தரும் என்பதே அவர் பணியின் சாரம்.

பூங்காவின் பெயரால் அநீதி நடப்பதும் உண்டு. நியூயோர்க் நகரின் புகழ் பெற்ற மத்திய பூங்கா அமைக்கப்பட்ட இடத்திலே செனெக்கா கிராமம் என்றோர் ஊர் இருந்தது. சொந்தக் காணியும் கோயிலும் பள்ளியும் வைத்து வாழ்ந்த கறுப்பின மக்களே அங்கு பெரும்பான்மையினர். 1857ஆம் ஆண்டளவில் அவர்கள் அகற்றப்பட்டனர். நகரத்தை அழகுபடுத்துகின்றோம் என்று ஏழையின் குடிசையைப் பிடுங்கி அவ்விடத்திலே பூச்செடி வைப்பது பொதுப்பணி ஆகாது. குடியிருப்பவனையும் உழுபவனையும் அகற்றாமல் அமைப்பதே நாம் வேண்டும் பொது வெளி.

அளவு என்ன? செலவு எவ்வளவு?

"எவ்வளவு நிலம் வேண்டும், எவ்வளவு தூரத்தில் வேண்டும்?" என்று கணக்குக் கேட்பது நியாயமே. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2017இல் நகர மக்களுக்கென ஓர் அளவு கூறிற்று. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 300 மீற்றர் தூரத்துக்குள், ஏறக்குறைய 5 நிமிட நடையில், அரை ஹெக்டேயர் முதல் 1 ஹெக்டேயர் வரையான பசுமை வெளி ஒன்று இருத்தல் நன்று என்பதே அவ்வளவு. அரை ஹெக்டேயர் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 20 பரப்பு. எல்லா ஊருக்கும் இது பொருந்தாதிருக்கலாம். ஆயினும் இவ்வளவுகோலின் நுட்பத்தைக் கவனியுங்கள். நகரத்தில் மொத்தம் எத்தனை ஏக்கர் பூங்கா உண்டு என்று அது கேட்கவில்லை. கடைசி வீட்டிலிருந்து எத்தனை அடி என்று கேட்கின்றது.

20 பரப்புக் கிடைக்காத இடத்தில் என் செய்வது? ஒல்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரம் வழி காட்டியிருக்கின்றது. இரண்டாம் உலகப் போரின் பின், 1947 முதல் 1978 வரை, அல்டோ வான் எய்க் என்னும் கட்டடக் கலைஞர் அந் நகரசபைக்காக ஏறத்தாழ 700 சிறு விளையாட்டிடங்களை வரைந்து கொடுத்தார். போரிலே வெறுமையான மனைகள், தெருச் சந்திகள், வீடுகளுக்கிடையே கிடந்த துண்டு நிலங்கள் ஆகியவையே அவர் எடுத்துக்கொண்ட இடங்கள். மணற்குழி ஒன்று, ஏறி விளையாட இரும்புச் சட்டம் ஒன்று, இருக்க வாங்கு ஒன்று, அவ்வளவே. குடியிருப்பாளர் எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று சபைக்குக் கடிதம் எழுதிப் பெற்றுக்கொண்டனர். போரினால் சிதைந்த நிலத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த அச் செயல், போரின் வடுவைச் சுமந்து நிற்கும் நமக்கு அந்நியமாகத் தோன்றுமா?

அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரு பரீட்சை நடந்தது. அங்கே பாழாய்க் கிடந்த 541 வெற்றுக் காணிகளை எடுத்துக் குலுக்கல் முறையாகப் பிரித்தனர். ஒரு பகுதியில் குப்பையை அகற்றிப் புல் விதைத்துச் சில மரம் நட்டு, எவரும் நுழையக்கூடிய தாழ்ந்த மரவேலி போட்டனர். மற்றவை ஒப்பீட்டுக்கென விடப்பட்டன. 2018இல் வெளியான முடிவு என்ன? பசுமையாக்கிய காணிகளின் அருகே வாழ்ந்தோரில் மனச்சோர்வாக இருக்கின்றது என்று கூறியோர் 41.5 வீதத்தால் குறைந்தனர். வறிய பகுதிகளிலே துப்பாக்கி வன்முறையும் 29 வீதத்தால் குறைந்தது. கோடிக்கணக்கில் செலவிட்ட மாளிகையின் விளைவன்று இது. புல்லும் நாலு மரமும் தவறாத பராமரிப்பும் செய்த வேலை.

நம் ஊர்களில் நிலம் உண்டா?

இனி நம் பக்கம் வருவோம். யாழ்ப்பாண நகரிலே சுப்பிரமணியம் பூங்கா உண்டு. டைக் துரை அரசாங்க அதிபராயிருந்த காலத்தின் நினைவாகப் பெருமரங்கள் நிற்கும் பழைய பூங்கா உண்டு. 2021இன் இறுதியில் சீரமைத்துத் திறக்கப்பட்ட ஆரியகுளம் உண்டு. நகரத்தார் மாலையில் அங்கே கூடுவதைக் காண மகிழ்ச்சியே. ஆனால் ஊர்ப்புறத்துப் பிள்ளை எங்கே போகும்? விளையாட்டுக் கழகத்தின் மைதானம் என்பீர்கள். அங்கே பெரிய இளைஞர் பந்தாடுகின்றனர், சிறுமிக்கு இடமில்லை. பாடசாலை மைதானம் என்பீர்கள். மணி அடித்ததும் கதவு பூட்டப்படும்.

நிலம் இல்லை என்பதை நாம் ஒப்பமாட்டோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்கள் உண்டு. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்நாட்டை வாழ வைப்பது சுண்ணாம்புக் கல்லின் அடியிலே தங்கும் மழைநீர். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்யும் மழை கடலுக்கு ஓடாமல் நிலத்தினுள் இறங்கச் செய்பவை இக் குளங்களே. இவை தூர்ந்தன; பல குப்பைக் கிடங்காயின; சிலவற்றின் கரைகளை அயலார் வேலியை நகர்த்தி விழுங்கினர். குளம் சுருங்கினால் கிணறு உவர்க்கும். கிணறு உவர்த்தால் வெங்காயமும் புகையிலையும் வாடும். ஆகவே கமக்காரப் பெருமக்களே, குளக்கரையைப் பொது வெளியாகக் காப்பது நகரத்தானின் உலாவுக்காக மாத்திரமன்று. உங்கள் துலாவுக்கும் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் அதுவே உயிர்.

குளத்தைத் தூர்வாரி, எல்லையை அளந்து கல் நட்டு, கரையிலே மருதும் வேம்பும் வைத்து, சுற்றி ஒரு மண்பாதை அமைத்தால், ஒரே செலவில் நீரும் நிழலும் நடையும் கிடைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. அழகுக்காகக் குளத்தின் அடியையும் கரையையும் சீமெந்தால் மூடுவது அறிவீனம். நீர் இறங்கும் வாயையே அடைத்துவிட்டுப் பூங்கா என்று பெயரிடுவதில் பயனில்லை. வாய்க்கால் வழியை மறித்து நடைபாதை போடுவதும், மாடு நீர் குடிக்கும் துறையை அடைத்துப் பூச்செடி வைப்பதும் அவ்வாறே தவறாகும்.

பச்சை மலையில் பாதம் வைக்க இடமில்லை

மலையகத்தை நினையாமல் இப் பொருளைப் பேசி முடிக்க இயலாது. இலங்கையிலே மிகப் பசுமையான நிலத்தின் நடுவே வாழ்பவர் யார்? தோட்டத் தொழிலாளர். அப் பசுமையிலே ஒரு சாண் நிலமும் பொதுவென்று உரிமை கொண்டாட முடியாதவர் யார்? அவரே! கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. லயத்தின் வாசலிலே ஒரு குறுகிய முற்றம். பிள்ளை விளையாடுவது அங்கே அல்லது தோட்டத்துப் பாதையிலே. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. காணி கைமாறிய போதெல்லாம் அந்தப் பிள்ளையின் மைதானம் எவர் கணக்கிலும் வரவில்லை. நுவரெலியாவிலே விக்டோரியாப் பூங்கா அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் வாயிலிலே நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். நாட்கூலியை எண்ணிப் பார்த்துத் தாய் திரும்பிவிடுவாள்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அச் சட்டம் திருத்தப்பட்டது. தடை நீங்கிய பின்னும் கை நீளாவிட்டால் குற்றம் சட்டத்தின்மீதன்று. வீட்டுக் காணி 7 பேர்ச்சா, 10 பேர்ச்சா, 20 பேர்ச்சா என்று கேட்பது நியாயமான போராட்டம். அதனோடு ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதிக்கும் பொது மைதானம் ஒன்றைச் சபையின் பெயரில் எழுதித் தரவேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாதுகாப்பு என்றால் என்ன?

நம் மண்ணிலே பாதுகாப்பு என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் எழுந்து போன நிலம் உயர் பாதுகாப்பு வலயம் எனப்பட்டது. 2009இன் பின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட போதும் இன்னும் முழுவதும் திரும்பவில்லை. முகமாலையிலே கண்ணிவெடி அகற்றும் வேலை பல்லாண்டாய் நீண்டது. உரியவன் நுழைய முடியாத நிலத்திலே செடி கொடி தழைத்துப் பச்சையாக நிற்பது பசுமையன்று, பறிப்பு. அக் காணிகள் உரியவரிடமே மீள வேண்டும்.

நாம் கேட்கும் பாதுகாப்பு வேறு. மாலை 6 மணிக்குப் பின் ஒரு பெண் தனியே நடந்து போய்த் தனியே திரும்பக்கூடிய பாதுகாப்பு. அதற்கு மின்விளக்கு வேண்டும். உயர்ந்த மதில் இல்லாமல் வீதியிலிருந்து பார்வை படும்படி இடம் அமைய வேண்டும். சுத்தமான மலசலகூடம் வேண்டும். மலசலகூடம் இல்லாத பூங்கா பெண்களுக்கும் முதியோருக்கும் அரை மணி நேரப் பூங்காவே. குளக்கரையிலே சிறு பிள்ளை வழுக்கி விழாதபடி சரிவும் தடுப்பும் வேண்டும். பள்ளிப் பிள்ளை பெருவீதியைக் கடந்து போக வேண்டுமானால் அங்கே கடவையும் வேகத் தடையும் வேண்டும். போரிலே கால் இழந்தவர் நம்முள் எத்தனை பேர்! பொதுக் கட்டடங்களிலும் இடங்களிலும் வலுவிழந்தோர் செல்லும் வசதி வேண்டுமென 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. சக்கர நாற்காலி ஏறாத வாயில் அவருக்குப் பூட்டிய வாயிலே.

சபை செய்ய வேண்டியது. நாம் செய்ய வேண்டியது

2023 மார்ச் முதல் ஈராண்டுக்கு மேல் நம் சபைகள் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இன்றி நடந்தன. கேட்க வேண்டுமானால் செயலாளரைக் கேட்க வேண்டும் என்ற நிலை. 2025 மே 6இல் தேர்தல் நடந்து, உறுப்பினர் வந்துவிட்டனர். இனி அவர்களிடம் நாம் கேட்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகின்றோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள பொதுக் காணி, குளம், கேணி, மந்தைவெளி, மைதானம் யாவற்றையும் அளந்து, எல்லை குறித்து, பதிவேட்டில் எழுதி, மக்கள் பார்க்க வைத்தல் வேண்டும். பதிவில் இல்லாத பொதுக் காணி நாளைக்கு ஒருவரின் தனிக் காணியாகிவிடும்.

இரண்டாவது, உள்ள சட்டத்தை நடத்துதல். நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசத்திலே, 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடி விற்பவர், வீதி நீங்கலாக 10 வீதத்துக்குக் குறையாத நிலத்தைப் பொதுப் பயனுக்கு விடவேண்டும் என்பது விதி. 40 பரப்புக்குச் சற்று மேற்பட்டால் ஏறக்குறைய 4 பரப்பு. விதிக்குத் தப்ப ஒரே காணியை இரு பகுதியாகக் காட்டி அனுமதி கேட்கும் தந்திரத்தை இங்குள்ள நில அளவையாளரும் வழக்கறிஞரும் நன்கு அறிவர். அறிந்தவர் வாய் திறத்தல் வேண்டும். அதுவே அவர் கல்விக்கு ஊர் கேட்கும் வட்டி.

மூன்றாவது, பராமரிப்பு. திறப்பு விழாவுக்குப் பணம் எப்பொழுதும் உண்டு. மறு ஆண்டு புல் வெட்டப் பணம் இல்லை. கல்வெட்டுக்குப் பெயர் தேடுவதை விட்டு, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் பராமரிப்புக்கெனத் தனி ஒதுக்கு வைக்கட்டும்.

நான்காவது, ஒழுங்கு. முதற் பூங்கா உறுப்பினரின் வீட்டுக்கு அருகே வரக்கூடாது. பசுமை வெளி எவருக்கு மிகத் தொலைவோ, வீடுகள் எங்கே மிக நெருக்கமோ, அங்கிருந்தே வேலை தொடங்க வேண்டும்.

இவை சபையின் கடமை. நம் கடமையும் உண்டு. சனசமூக நிலையமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. குளக்கரையின் காவலை அவை ஏற்கட்டும். அக் குழுவிலே பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். மழைக்கு முன் நட்ட கன்றுக்கு அடுத்த வெயிலில் நீர் ஊற்றுவது சபையின் லொறி அன்று. அயல் வீட்டுப் பிள்ளையின் வாளி. கோயில் அறங்காவலர்கள் வெளிவீதியின் மரநிழலைச் சாதி பாராமல் எல்லோருக்கும் திறந்து வைக்கட்டும். அதிபர்கள் பெற்றாரோடு பேசி, மாலையில் பாடசாலை மைதானத்தின் கதவை ஒரு மணி நேரமாவது திறக்க வழி செய்யட்டும்.

கமக்காரர் ஓர் ஐயம் கொள்ளக்கூடும்: "எங்கள் வயலை எடுத்துப் பூங்கா ஆக்குவார்களோ?" ஒருபோதும் கூடாது. விளையும் நிலம் விளைய வேண்டும். தனியார் காணியில் ஒரு முழமும் நாம் கேட்கவில்லை. இழந்த பொதுக் காணியை மீட்கவும் இருப்பதைக் காக்கவுமே கேட்கின்றோம்.

அன்பர்களே! உரிமை என்பது பாராளுமன்றத்தில் மாத்திரம் பேசப்படும் பொருளன்று. தன் ஊர்க் குளக்கரையிலே, எவருக்கும் அஞ்சாமல், எவரையும் கேளாமல், ஒரு கிழவன் அமர்ந்திருக்க முடியுமா, ஒரு சிறுமி ஓடி விளையாட முடியுமா, ஒரு தாய் இருட்டிய பின் நடந்து வீடு திரும்ப முடியுமா என்பதிலும் அது அடங்கியிருக்கின்றது. தன்னாட்சி கேட்கும் மக்கள் தம் கையிலுள்ள சிறு ஆட்சியைச் செவ்வையாக நடத்திக் காட்டுதல் வேண்டும். அடுத்த சபைக் கூட்டத்துக்குப் பார்வையாளராகச் செல்லுங்கள். "எங்கள் வட்டாரத்தின் பொதுக் காணிப் பதிவேடு எங்கே?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்!